முதல் பவளம்: எதை வாங்குவது, தொட்டியில் எங்கே வைப்பது

கடல்நீர் மீன்தொட்டிக்கு உயிர்ப்பவளம் விற்கும் கடையின் நீல விளக்குக்குக் கீழே எல்லாப் பவளமும் அழகுதான். பச்சை ஒளிரும், ஆரஞ்சு தகதகக்கும், விலைச்சீட்டில் ‘ஈஸி’ என்று எழுதியிருக்கும். அந்தச் சீட்டை நம்பி வாங்கிய பவளத்துக்குப் பெரும்பாலும் இரண்டு கதிதான். ஆறு மாதத்தில் செத்துப்போகும். இல்லையென்றால் தொட்டி முழுவதையும் பிடித்துக்கொள்ளும். தரையில் நிம்மதியாக இருக்கும் பவளத்தை அதே தொட்டியில் ஒரு சாண் மேலே ஏற்றினால் வெளுத்துவிடும். ஆகவே எது எளிய பவளம் என்று கேட்பதை விட, தொட்டியில் எந்த இடம் காலியாக இருக்கிறது, அந்த இடத்துக்கு எது பொருந்தும் என்று கேட்பதே சரியான தொடக்கம். அதற்கு முன்னால், கையில் இருப்பது என்ன பவளம் என்று தெரிய வேண்டும்.

ஒப்பீட்டுக்கு ஒரு மூன்றடித் தொட்டியை எடுத்துக்கொள்வோம். நீளம் 90, அகலம் 45, உயரம் 45 சென்டிமீட்டர். பாறையும் மணலும் போக ஏறக்குறைய 150 லிட்டர் தண்ணீர் நிற்கும். மேலே ஒரு நல்ல எல்.இ.டி. விளக்கு, பக்கத்துக்கு ஒன்றாக மணிக்கு 2,000 லிட்டர் தள்ளும் இரண்டு வேவ்மேக்கர்கள் (நீரோட்டம் உண்டாக்கும் பம்புகள்). நைட்ரஜன் சுழற்சி (கழிவின் அம்மோனியாவை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றும் நிலை) முடிந்து, மீன் விட்டு, இரண்டு மூன்று மாதம் ஆகியிருக்க வேண்டும். அதற்கு முன் எந்தப் பவளமும் வேண்டாம்.

தொட்டிக்குள் ஐந்து இடங்கள்

பவளத்துக்குக் கிடைக்கும் ஒளியை பி.ஏ.ஆர். (ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளி) என்ற அளவில் சொல்கிறார்கள். மேலே சொன்ன தொட்டியில் விளக்கை மிதமாக வைத்தால் மணல் தரையில் 50 முதல் 80, பாறையின் நடுமட்டத்தில் 100 முதல் 150, பாறை உச்சியில் 200க்கு மேல் கிடைக்கும். பாறையின் அடிவயிற்றில், நிழல் விழும் பக்கத்தில் 50க்கும் குறைவு. ஐந்தாவது இடம் மற்ற பாறைகளைத் தொடாமல் மணலில் தனியாக வைத்த கல், அதாவது தீவு. பரவும் பவளங்களுக்கு அதுதான் வேலி.

கைபேசியின் லக்ஸ் செயலி நீல ஒளியில் தவறான எண் காட்டும். அதை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். பி.ஏ.ஆர். மீட்டரை ஒரு நாள் கடன் வாங்கினால் போதும். அளந்த எண்களை ஒரு தாளில் தொட்டியின் படம் வரைந்து குறித்துக்கொள்ளுங்கள். நீரோட்டத்துக்குக் கருவி வேண்டாம். ஒரு சிட்டிகை மீன் தீனியைத் தூவி, எங்கே சுழல்கிறது, எங்கே தேங்குகிறது, எங்கே தெறித்து ஓடுகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

தண்ணீரின் அளவுகள்: உப்பு 35 பி.பி.டி. (ஆயிரத்தில் பங்கு), வெப்பம் 25 முதல் 27 டிகிரி, ஆல்கலினிட்டி (நீரின் கார்பனேட் அளவு) 8 முதல் 9 டி.கே.எச்., கால்சியம் 400 முதல் 450 பி.பி.எம். (பத்து லட்சத்தில் பங்கு), மக்னீசியம் 1,250 முதல் 1,350. நைட்ரேட் 5 முதல் 15, பாஸ்பேட் 0.03 முதல் 0.1. கடைசி இரண்டும் பூஜ்யமாக இருந்தால் நல்லது என்பது பழைய எண்ணம். பூஜ்யத்துக்கு இறங்கிய தொட்டியில்தான் டைனோஃபிளாஜெல்லேட் என்ற பழுப்புச் சளி வந்து பாறையை மூடும். பவளமும் பட்டினியில் வெளிறும்.

அடையாளம்: முதலில் விளக்கை வெள்ளையாக்கச் சொல்லுங்கள்

நீல ஒளியில் நிறம் தெரியும், உருவம் தெரியாது. கடைக்காரரிடம் வெள்ளை விளக்கைப் போடச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு கடை பாருங்கள்.

அடுத்து, எலும்புக்கூடு இருக்கிறதா? பூ, அதாவது பவளத்தின் பாலிப், சுருங்கும்போது உள்ளே கல் தெரிந்தால் அது கல் பவளம். முழுவதும் சதையாகச் சுருண்டுகொண்டால் மென்பவளம். கல் பவளத்தில் சதைப்பற்றும் பெரிய வாயும் உள்ளவற்றை எல்.பி.எஸ். என்றும், கல்லின் மேல் ஊசிமுனைப் புள்ளிகளாகப் பூ உள்ளவற்றை எஸ்.பி.எஸ். என்றும் பொழுதுபோக்காளர்கள் பிரிக்கிறார்கள். இது வியாபாரப் பிரிவுதான், உயிரியல் பிரிவு அல்ல. ஆனாலும் தொட்டியில் இடம் தேட உதவும்.

அதற்கும் அடுத்து விரல்களை எண்ணுங்கள். ஒவ்வொரு பூவையும் சுற்றியிருக்கும் டென்டக்கிள்களைத்தான் விரல் என்கிறோம். சரியாக எட்டு இருந்தால் லெதர், ஸ்டார் பாலிப், ஸீனியா, கென்யா ட்ரீ, க்ளோவ் பாலிப் குடும்பம். எட்டு இல்லையென்றால் ஆறின் மடங்கு. எல்லாக் கல் பவளமும், காளான் பவளமும், பொத்தான் பூக்களாக விரியும் சோவாவும் இந்தப் பக்கம். ‘மென்பவளம்’ என்று ஒரே கூடையில் விற்கப்பட்டாலும் காளான் பவளம் லெதருக்குச் சொந்தமில்லை. கல் பவளத்துக்குத்தான் நெருங்கிய உறவு.

விரலை எண்ணுவது பணத்தையும் காப்பாற்றும். கோனியோபோராவும் ஆல்வியோபோராவும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், நீண்ட காம்பில் பூத்த செண்டுகள். கோனியோபோராவின் பூவுக்கு 24 விரல், ஆல்வியோபோராவுக்கு 12. தள்ளுபடி விலையில் கிடைக்கிறதே என்று பழுப்புக் கோனியோபோராவை வாங்குபவர்கள் பலர். ஒரு வருடம் மெல்லத் தேய்ந்து அது போய்விடும். சிவப்பு வகைகளும் தொட்டியில் வளர்த்தெடுத்த துண்டுகளும் இப்போது மேல் என்றாலும், முதல் வருடத்துக்கு அது வேண்டாம்.

காளானா, சோவாவா?

முதல் பவளத்துக்கு உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான்.

காளான் பவளத்தில் மூன்று வகை அடிக்கடி கிடைக்கும். தோல் வழுவழுப்பாக, சற்றே கோடு போட்டதாக இருந்தால் டிஸ்கோசோமா. மேலே பருக்களும் கிளைத்த முடிச்சுகளும் இருந்தால் ரோடாக்டிஸ். மணிமணியாகக் குமிழிகள் நெருங்கியிருந்தால் ரிக்கார்டியா. மூன்றில் டிஸ்கோசோமாவைக் கொல்வது கடினம், 50 பி.ஏ.ஆர். போதும், நைட்ரேட் 20 போனாலும் கவலைப்படாது. இடம்: பாறையின் கீழ்மட்டம், நீரோட்டம் தேங்குவதற்குச் சற்று மேலான மூலை. ஒளி அதிகமானால் ஓரம் சுருங்கி நிறம் வெளிறும். குறைந்தால் தட்டு அகலமாக விரிந்து, ஒளியைத் தேடிக் காம்பு நீளும்.

டிஸ்கோசோமாவில் தொல்லை ஒன்றே ஒன்று, அதை ஒட்ட முடியாது. சளித் தோலில் பசை பிடிக்காது, வேகமான நீரில் பிய்ந்து எங்கோ பாறைக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு சிறு பிளாஸ்டிக் டப்பாவில் உடைந்த பாறைத் துண்டுகளைப் பரப்பி, மேலே காளானை வைத்து, டப்பாவின் வாயை வலையால் கட்டி மணலில் விடுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் ஏதாவது ஒரு துண்டைப் பிடித்துக்கொள்ளும். பிறகு அந்தத் துண்டைப் பாறையில் ஒட்டினால் முடிந்தது. கடையில் ‘யானைக் காது’ என்று பெரிய தட்டைக் காட்டினால் தள்ளி நில்லுங்கள். ஆம்ப்ளெக்ஸிடிஸ்கஸ் என்ற அந்த இனம் பைபோல மூடிக்கொண்டு சிறு மீனை விழுங்கும்.

சோவா வேறு ரகம். ஒரே விரிப்பில் இணைந்த பொத்தான் பூக்கள். ஓரத்தில் இரண்டு வரிசை விரல், நடுவில் கீறல்போல வாய். நிறத்துக்கு இதைவிட மலிவான வழி இல்லை. 80 முதல் 150 பி.ஏ.ஆர். வேண்டும், நடுமட்டப் பாறை சரியான இடம். ஒளி குறைந்தால் காம்பு நீண்டு ஒல்லியாகும். அதைப் பார்த்தால் நாலு விரற்கடை மேலே நகர்த்துங்கள். பூக்கள் மூடியே கிடந்தால் ஒளியைச் சந்தேகிக்கும் முன், இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள். சோவாவைத் தின்னும் நியூடிபிராங்க் என்ற நத்தைப்பூச்சி அதே நிறத்தில் பூக்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கையை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். சோவாவுடன் சேர்த்து விற்கப்படும் பாலிதோவா, சதையில் மணல் துகளைப் புதைத்து வைத்திருக்கும். தடித்த காம்பு, பெரிய பூ, தொட்டால் நறநறப்பு. இதிலும் சில சோவாக்களிலும் பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு உண்டு. வெட்டும்போது கையுறை, கண்ணாடி இரண்டும் கட்டாயம். தண்ணீருக்கு வெளியே தேய்க்காதீர்கள், பிரஷ்ஷால் சுரண்டாதீர்கள். அது ஒட்டியிருக்கும் பாறையை எந்தக் காரணத்துக்காகவும் கொதிநீரில் போடாதீர்கள். அந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் பல நாடுகளில் உண்டு. வீட்டில் தவழும் குழந்தையோ, தொட்டிக்குள் கைவிடும் பிள்ளையோ இருந்தால் போட்டி அங்கேயே முடிந்தது. காளானை எடுங்கள்.

ஸ்டார் பாலிப், ஸீனியா: எளிது என்பதே இடைஞ்சல்

ஊதா விரிப்பில் பச்சைப் புல்லாக ஆடும் ஸ்டார் பாலிப்பையும், கையை விரித்து மூடித் துடிக்கும் ஸீனியாவையும் புதியவர்களுக்கு எல்லோரும் பரிந்துரைப்பார்கள். இரண்டும் சாகாது என்பது உண்மை. நிற்கவும் செய்யாது. ஸ்டார் பாலிப்பின் விரிப்பு பாறை, மணல், கண்ணாடி, பம்ப் என்று எதன் மேலும் ஏறும். அதை உரித்தெடுத்தால் மிச்சம் இருக்கும் ஒரு விரற்கடைத் துண்டிலிருந்து மறுபடி வளரும். ஸீனியா இன்னும் மோசம், தானே நகர்ந்து புது இடம் பிடிக்கும்.

முதன்மைப் பாறையில் இவை இரண்டும் வேண்டவே வேண்டாம். ஆசை விடவில்லையென்றால் ஸ்டார் பாலிப்பைப் பின்பக்கக் கண்ணாடியில் ஒட்டுங்கள். விரிப்பாகப் படர்ந்து அழகான பின்னணி ஆகும், பாறையை நோக்கி வரும் ஓரத்தை மாதம் ஒருமுறை பிளேடால் சீவினால் போதும். ஸீனியாவைச் சுற்றிலும் ஒரு சாண் மணல் உள்ள தீவில் வையுங்கள். சோவாவுக்கும் தீவு நல்ல யோசனைதான், ஆனால் அது மெல்ல நடக்கும், தப்பினாலும் பிடித்துவிடலாம்.

டோட்ஸ்டூல் லெதர்

தடித்த காம்பு, மேலே மடிப்பு விழுந்த குடை, குடை முழுக்க எட்டு விரல் பூக்கள் என்றால் சார்கோஃபைட்டான், அதாவது டோட்ஸ்டூல். குடைக்குப் பதில் விரல்போல முகடுகள் எழுந்து நின்றால் லோபோஃபைட்டம். மரமாகக் கிளைத்தால் சினுலேரியா. நல்ல கண் உள்ளவர்கள் இன்னொன்றையும் பார்க்கலாம்: சார்கோஃபைட்டானில் பெரிய பூக்களுக்கு இடையே ஊசிக்குத்துபோன்ற சிறு பூக்களும் இருக்கும், சினுலேரியாவில் ஒரே வகைப் பூதான்.

நடுமட்டத்தில் 100 பி.ஏ.ஆர்., மிதமானதிலும் சற்றே கூடுதலான நீரோட்டம். அந்தக் கூடுதல் ஏன் என்றால், டோட்ஸ்டூல் அவ்வப்போது பூக்களை மூடி, மெழுகு பூசியதுபோல் மினுங்கி, ஒரு படலத்தை உரித்துப் போடும். சில நாட்கள் ஆகும், சிலசமயம் இரண்டு வாரம்கூட. புதியவர்கள் இதைச் சாவு என்று எண்ணி எடுத்து எறிவது உண்டு. நீரோட்டம் இருந்தால் படலம் தானே கழன்று போகும். தேங்கிய நீரில் படலத்தின் மேல் பாசி பிடித்து, அடியில் சதை அழுகும்.

பெரிதாகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஐந்து சென்டிமீட்டர்த் துண்டு இரண்டு மூன்று வருடத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவு ஆகி, கீழே உள்ளவற்றுக்கு நிழல் போடும். தவிர, லெதர்கள் டெர்பீன் வகை வேதிப்பொருட்களை நீரில் விட்டு அக்கம்பக்கத்துக் கல் பவளங்களை அமுக்கும். இரண்டையும் சேர்த்து வளர்க்க நினைத்தால் 150 லிட்டருக்கு 100 கிராம் அளவில் ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு மாதம் ஒருமுறை மாற்றுங்கள்.

ஹேமர், டார்ச், ஃப்ராக்ஸ்பான்

எல்லோருடைய கண்ணும் இதில்தான். விரல் நுனியைப் பார்த்தால் அடையாளம் தெரியும். நுனி சுத்தியல் அல்லது நங்கூர வடிவில் இருந்தால் ஹேமர்; ஒரே விரலில் பக்கவாட்டுக் கிளைகளும் பல உருண்டைகளும் இருந்தால் ஃப்ராக்ஸ்பான்; நீண்டு கிளைக்காமல் நுனியில் ஒரே உருண்டை இருந்தால் டார்ச். அடுத்து அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தனித்தனிக் குழல்களாகக் கிளைத்திருந்தால் கிளை வகை, வளைந்த ஒரே சுவராக ஓடினால் சுவர் வகை. முதல்முறை வாங்குபவர்கள் கிளை வகையை மட்டுமே எடுக்க வேண்டும். ஒரு தலை அழுகினால் அதை வெட்டி மற்றதைக் காப்பாற்றலாம். சுவரில் ஓரிடத்தில் தொடங்கிய அழுகல் மறுமுனை வரை போகும்.

மூன்றில் எது? ஹேமர். டார்ச் விலையும் அதிகம், சண்டையும் அதிகம். ஹேமரும் ஃப்ராக்ஸ்பானும் பெரும்பாலும் ஒன்றையொன்று தொட்டபடி சமாதானமாக இருக்கும். டார்ச் பக்கத்தில் வந்தால் இரண்டையும் எரித்துவிடும். ஹேமரைச் சுற்றி 15 சென்டிமீட்டர், டார்ச்சைச் சுற்றி 20 சென்டிமீட்டர் காலியாக விடுங்கள். துண்டு இப்போது இருக்கும் அளவிலிருந்து அளக்காதீர்கள், முழுவதும் விரிந்த நிலையின் ஓரத்திலிருந்து அளக்க வேண்டும்.

இடம்: 80 முதல் 150 பி.ஏ.ஆர்., பாறையின் கீழ்ப்பாதி. விரல்கள் மெல்ல ஆட வேண்டும். ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தால் நீரோட்டம் அதிகம். வேவ்மேக்கர் நேராக அடிக்கும் பக்கத்தில் சதை எலும்பின் விளிம்பிலிருந்து உரியத் தொடங்கும். பழுப்புநிறக் கூழ் வழிந்தால் அது பிரவுன் ஜெல்லி என்ற நோய். பம்புகளை நிறுத்தி, குழாயால் கூழை உறிஞ்சி வெளியேற்றி, அந்தத் தலையை எலும்போடு வெட்டி எறிந்து, மிச்சத்தை அயோடின் டிப்பில் (கிருமி நீக்கும் கரைசலில்) நனையுங்கள். ஒரு நாள் தள்ளிப் போட்டால் பக்கத்துத் தலையும் போகும்.

ஹேமர் வந்ததும் தொட்டி பராமரிப்பு மாறுகிறது என்பதுதான் கடைக்காரர் சொல்லாத செய்தி. காளானும் லெதரும் மட்டும் இருக்கும்வரை வாரம் 15 லிட்டர் தண்ணீர் மாற்றினால் போதும். கல் பவளம் எலும்பு கட்ட ஆல்கலினிட்டியையும் கால்சியத்தையும் உண்ணும். எவ்வளவு என்று அளந்து பாருங்கள். தண்ணீர் மாற்றாமல் மூன்று நாள் இடைவெளியில் இருமுறை அளந்து, 8.6 டி.கே.எச். 8.0 ஆகியிருந்தால் நாளுக்கு 0.2 செலவு. லிட்டருக்கு 30 மில்லிகிராம் ஆப்ப சோடா 1 டி.கே.எச். உயர்த்தும், எனவே 150 லிட்டருக்கு நாளுக்கு 0.9 கிராம். பேக்கிங் பவுடர் அல்ல, சுத்தமான ஆப்ப சோடா. ஆர்.ஓ. நீரில் கரைத்து, வேவ்மேக்கர் அடிக்கும் இடத்தில் மெல்ல ஊற்றுங்கள். ஒரே நாளில் 1 டி.கே.எச்.க்கு மேல் ஏற்றவே கூடாது. கால்சியம் இதற்கு இணையாக 1 டி.கே.எச்.க்கு ஏறக்குறைய 7 பி.பி.எம். இறங்கும், அதை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். சில உப்புக் கலவைகள் 11, 12 டி.கே.எச். தரும். 8இல் ஓடும் தொட்டியில் அந்த உப்பைக் கரைத்துப் பெரிய அளவில் தண்ணீர் மாற்றினால் ஹேமர் ஒரே இரவில் சுருங்கும். உப்பு வாங்கும்போதே அந்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

மற்ற எல்.பி.எஸ்.

டங்கனும் கேண்டி கேனும் ஹேமரை விடச் சாது. டங்கன் சாம்பல்நிறக் குழல்களின் மேல் பச்சை விரல் செண்டு. கேண்டி கேன் எக்காளக் குழல்களின் மேல் கோடு போட்ட உப்பிய தலைகள். இரண்டுக்கும் கீழ்ப்பாறையும் 5 முதல் 8 சென்டிமீட்டர் இடைவெளியும் போதும். கல் பவளம் ஒன்றே ஒன்று என்றால் ஹேமருக்கு முன் டங்கனைச் சிபாரிசு செய்யலாம். பார்ப்பவரைக் கவரும் அளவு குறைவு, தூக்கம் கெடுக்கும் அளவும் குறைவு.

ஃபேவியா, ஃபேவைட்ஸ் குழப்பம் எல்லாக் கடையிலும் உண்டு. ஒவ்வொரு பூவுக்கும் தனிச் சுவரும் அடுத்தடுத்த சுவர்களுக்கு நடுவில் சிறு பள்ளமும் இருந்தால் ஃபேவியா. இரண்டு பூக்கள் ஒரே சுவரைப் பகிர்ந்தால் ஃபேவைட்ஸ். இடம் வைப்பதில் வேறுபாடு இல்லை. பகலில் உருண்டைக் கல்லாகக் கிடக்கும் இவை இரவில் 10, 15 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கொட்டும் இழைகளை நீட்டும். கலாக்ஸியா அதற்கும் மேல், ஓரடி வரை நீட்டும். மூன்றடித் தொட்டியில் அதற்கு இடமே இல்லை. விளக்கு அணைந்து இரண்டு மணி நேரம் கழித்துச் சிவப்பு டார்ச்சில் ஒருமுறை பார்த்தால், உங்கள் பவளங்களின் உண்மையான எல்லை எதுவென்று தெரியும்.

டிராக்கிஃபில்லியா, லோபோஃபில்லியா போன்ற தடித்த சதைக்காரர்களுக்கு மணல்தான் இடம். பாறையில் வைத்தால், உப்பிய சதை கூரான கல்லில் உரசிக் கிழியும். அக்கான் என்ற எல்.பி.எஸ். வகையும் தரையோரம் 50 முதல் 100 பி.ஏ.ஆரில் நிறம் பிடிக்கும்.

எஸ்.பி.எஸ்.

கிளை நுனியில் மட்டும் ஒரு பெரிய குழல், பக்கங்களில் சிறு குழல்கள் என்றால் அக்ரோபோரா. நுனிக்குழல் இல்லாமல் தட்டாகவோ விரலாகவோ வளர்ந்தால் மாண்டிபோரா. கிளை முழுக்கப் பருக்கள் இருந்தால் போசிலோபோரா. ஊசிநுனிக் கிளையில் பூக்கள் வரிசை பிடித்து நின்றால் செரியாடோபோரா, அதாவது பேர்ட்ஸ்நெஸ்ட்.

தொட்டிக்கு ஒன்பது மாதம் முடிந்து, ஆல்கலினிட்டி இரண்டு மாதம் 0.5க்குள் நின்றிருந்தால் மாண்டிபோராவில் தொடங்கலாம். 150 முதல் 250 பி.ஏ.ஆர்., மேல்மட்டம், வலுவான மாறிமாறி அடிக்கும் நீரோட்டம். தட்டு வகை கீழே உள்ளவற்றை இருட்டாக்கும், விரல் வகை அந்தத் தொல்லை தராது. அக்ரோபோரா 250க்கு மேல் கேட்கும், தவறை மன்னிக்காது. வருடம் ஒன்று ஆகட்டும்.

வாங்கும் முன் சட்டமும் வெப்பமும்

இந்தியாவில் இருப்பவர்கள் கவனிக்க: கல் பவளங்கள் அனைத்தும், கரும்பவளம், கடல்விசிறி, ஆர்கன் பைப், தீப்பவளம் ஆகியவையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவில் கரையொதுங்கிய செத்த துண்டைப் பொறுக்குவதும் ஆபத்தான வேலைதான். மென்பவளம் என்றால் சட்டத்திலிருந்து தப்பிக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். கடல்விசிறிக்கும் ஆர்கன் பைப்புக்கும் எட்டு விரல்தான், ஆனாலும் அட்டவணையில் இருக்கின்றன. பசும்பூக்களுக்கு அடியில் சிவப்புக் குழல் எலும்பு தெரிந்தால் அது ஆர்கன் பைப், வைத்துவிட்டு வாருங்கள். மேலே ஹேமர், டங்கன், மாண்டிபோரா என்று எழுதியது சிங்கப்பூர், மலேசியா, கனடா, ஐரோப்பா போன்ற இடங்களில் சைட்ஸ் (அருகிவரும் உயிரின வணிகத்துக்கான பன்னாட்டு உடன்படிக்கை) அனுமதியோடு வந்த, தொட்டியில் வளர்த்த துண்டுகளை வாங்கக்கூடியவர்களுக்கு. சென்னையில் தொட்டி வைத்திருப்பவருக்கு நேர்மையான பட்டியல் காளான், சோவா, டோட்ஸ்டூல், அவற்றுக்கும் வந்த வழிக்கான ஆவணம். அந்த மூன்றை வைத்தே ஒரு தொட்டியை நிறைவாக நிரப்பலாம்.

வெப்பம் அடுத்த தடை. கடலிலேயே நீர் சூடேறி 2010, 2016 ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளுத்தன. 150 லிட்டர் தொட்டி எம்மாத்திரம். நீர்ப்பரப்பில் அடிக்கும் சிறு மின்விசிறி 2, 3 டிகிரி இறக்கும். கடற்கரை ஊர்களில் காற்று ஈரமாக இருக்கும்போது அதுவும் முடியாது. ஏ.சி. அறையோ, நீரைக் குளிர்விக்கும் சில்லரோ இல்லாமல் மே மாதத்தைத் தாண்டும் திட்டம் போடாதீர்கள். ஆவியாகும் நீருக்கு ஈடாக ஊற்ற டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ள பொருட்களின் அளவு) பூஜ்யமான தண்ணீர் வேண்டும். வீட்டுக் குடிநீர் ஆர்.ஓ.வில் சுவைக்காகக் குழாய் நீரைக் கொஞ்சம் கலந்துவிடும் திருகு பல மாடல்களில் உண்டு. அதை மூடி, கடைசியில் மிச்ச உப்பை நீக்கும் டி.ஐ. ரெசின் குப்பி ஒன்றைச் சேர்த்தால்தான் அந்த நீர் உதவும். மின்சாரம் போனால் ஒரு வேவ்மேக்கராவது இன்வெர்ட்டரில் ஓடட்டும்.

கொண்டுவந்த அன்று

பையை 20 நிமிடம் மிதக்க விட்டு வெப்பத்தைச் சமமாக்குங்கள். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். தொட்டி நீரை ஒரு வாளியில் எடுத்து, பவள டிப் மருந்தைக் குப்பியில் சொன்ன அளவில் கலந்து, 5 முதல் 10 நிமிடம் பவளத்தை ஆட்டுங்கள். பிறகு சுத்தமான தொட்டி நீரில் அலசுங்கள். வாளியின் அடியில் நெளிவது என்ன என்று பாருங்கள். டிப் பூச்சியைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. எனவே பவளம் ஒட்டி வந்த ப்ளக்கை (சிறு அடிக்கல்லை) முடிந்தவரை உடைத்து எறிந்து, அடியில் வெள்ளைப் புள்ளிச் சுருள் தெரிந்தால் பிளேடால் சுரண்டி, ஒரு வாரத்தில் மறுபடி டிப் செய்யுங்கள். ப்ளக்கின் ஓரத்தில் பழுப்புநிறச் சிறு அனிமோனி இருந்தால் அது ஐப்டேசியா. ஒன்றை விட்டால் நூறாகும்.

நேராக இறுதி இடத்தில் வைக்காதீர்கள். முதல் வாரம் மணல் தரையில், பிறகு வாரம் ஒரு படியாக மேலே. ஒட்டும்போது ஜெல் வடிவ சூப்பர்குளூ ஒரு துளி, அதன் மேல் இருகலவை எபாக்ஸி உருண்டை, மறுபடி ஜெல், அதன் மேல் பவளம். வெறும் எபாக்ஸி ஈரப்பாறையில் பிடிக்காது, வெறும் ஜெல் நத்தை இடித்தால் பிட்டுக்கொள்ளும். டோட்ஸ்டூலின் சதையில் இதுவும் நிற்காது. காம்பின் அடியில் ஒரு பல்குத்தியைக் குறுக்கே செருகி, அதை ரப்பர் பேண்டால் கல்லோடு கட்டுங்கள். பத்து நாளில் பிடித்துவிடும்.

வைத்தபின் கை சும்மா இருக்க வேண்டும். பூ விரியவில்லை என்று தினமும் இடம் மாற்றுவதால் செத்த பவளம்தான் அதிகம். இரண்டு வாரம் கொடுங்கள். இரண்டு நிகழ்வுகளுக்கு மட்டும் விலக்கு: மேல்பக்கம் மட்டும் வெளுத்தால் அன்றே கீழே இறக்குங்கள், சதை எலும்பிலிருந்து உரிந்தால் அன்றே நீரோட்டத்தைத் திருப்புங்கள். நிறம் பழுப்பாவது அவசரம் அல்ல, ஒளி போதவில்லை என்பதன் மெதுவான அறிகுறி. வெளுத்த பவளம் வாரத்தில் போகும், பழுப்பான பவளம் மாதங்கள் தாங்கும். ஆகவே உயரத்தில் சந்தேகம் வந்தால் தாழ்வான இடத்தையே தேர்ந்தெடுங்கள்.

எந்த வீட்டுக்கு எது

விளக்கு சுமார், பராமரிக்க நேரம் குறைவு, வாரம் ஒருமுறைதான் தொட்டிப் பக்கம் வர முடியும் என்றால் கீழ்ப்பாறையில் நான்கைந்து டிஸ்கோசோமா, நடுமட்டத்தில் ஒரு டோட்ஸ்டூல். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். நிறம் வேண்டும், குழந்தைகள் இல்லை, கையுறை போடும் பொறுமை உண்டு என்றால் தீவில் மூன்று நிறச் சோவா; ஒவ்வொன்றுக்கும் நடுவே 5 சென்டிமீட்டர் விட்டால் இரண்டு வருடம் சண்டை வராது. ஆட்டம் பார்க்க வேண்டும், ஆல்கலினிட்டி டெஸ்ட் கிட் வாங்கி வாரம் இருமுறை அளக்கத் தயார், சட்டமும் இடம் தருகிறது என்றால் முதலில் ஒரு டங்கன். அது இரண்டு மாதத்தில் புதுத் தலை போட்டால் கிளை ஹேமர் ஒன்று. டங்கன் தலை போடவில்லையென்றால் ஹேமருக்கான பணத்தில் ஒரு நல்ல டெஸ்ட் கிட்டையும் கார்பனையும் வாங்குங்கள்.